விமானத்துக்கு வந்த காய்ச்சல்

உலகத்து விமானங்கள் எல்லாம் எங்கள் மன்னார்ப் பள்ளிமுனையைக் கேட்டுவிட்டுத்தான் பறக்க வேண்டும் என்று நம்பிய ஒரே மனிதர் பற்றரியர். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஓட்டோ, மோட்டார்ச் சைக்கிள் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். புறங்கையை வைத்துப் பார்த்து, “நூறு, நூற்றொண்டு” என்று பற்றரிக்குக் காய்ச்சல் சொல்வார். ஒருமுறை பூசை நடுவில் எழுந்துபோய் ஒலிபெருக்கியின் பற்றரிக்கும் புறங்கை வைத்தார். சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.

“நீங்கள் சொல்லுங்கோ சுவாமி, இது இன்னும் பத்து நிமிசம் தாங்கும்.”

சுவாமியார் ஒன்பதாவது நிமிடத்தில் முடித்தார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுவகை விமானங்களில் பற்றரி சூடேறிப் புகைந்து, எல்லாவற்றையும் தரையில் நிறுத்திய வருடம் அது. கனடாவில் பற்றரியரின் ஒரே மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள். அவள் அனுப்பிய ரிக்கெற் அதே வகை விமானத்துக்கு. பிழையைத் திருத்தாமல் ஏறமாட்டேன் என்றார்.

“பற்றரிக்குள்ள இருக்கிற எட்டுப் பெட்டியையும் ஒட்டி ஒட்டி வைச்சிருக்கிறாங்கள், தம்பி. காய்ச்சல்காரனை மற்றப் பிள்ளையளோட ஒரே பாயில விடலாமோ?”

பெட்டிகளுக்கு இடையே தடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே உருக்குக் கூடு, புகை வெளியே போக ஒரு குழாய். இதுதான் அவர் வைத்தியம். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனான நான் அதை விமானக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் ரைப் அடித்தேன். அவர் கீறிய படத்தில் அளவுகள் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அடிமட்டம் வைத்துத் திரும்ப வரைந்து, வயர்களுக்குச் சிவப்பும் கறுப்பும் தீட்டினேன்.

விமானம், பற்றரி, வயர். மன்னாரிலிருந்து போகும் ஒரே தாளில் இந்த மூன்றையும் வரையக்கூடாதென்று அத்தனை வருட யுத்தமும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

கம்பனி தானாகவே தடுப்பும் கூடும் குழாயும் போட்டு விமானங்களைப் பறக்கவிட்டது. பத்திரிகையில் அதைப் பார்த்த பற்றரியர், “கடிதம் கிடைச்சிட்டுது” என்றார். கடிதம் கொழும்பைத் தாண்டவேயில்லை. உடைத்த கடித உறையோடு சிவில் உடையில் இருவர் வந்து, அவரையும் கடவுச்சீட்டையும் கொண்டுபோனார்கள்.

கடிதத்தை யார் ரைப் அடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். தான்தான் என்றிருக்கிறார். கொம்பியூட்டர் முன்னால் இருத்தி, அடித்துக் காட்டச் சொன்னார்களாம். காலையில் ஒற்றை விரலால் தொடங்கியவர் மத்தியானம் தன் பெயரை முடித்தார். அதிலும் ஓர் எழுத்துக் குறைவு. ஆளை விட்டுவிட்டு, அந்தப் பொய்க்காகவே கடவுச்சீட்டைத் தடுத்து வைத்தார்கள். கலியாணம் முடிந்து பதினோராம் நாள் அது திரும்பி வந்தது.

“என்ரை பெயரைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை.”

“உமக்குப் பென்சனுக்கு இன்னும் எத்தினை வருசம்?”

“ஒன்பது.”

“பிறகென்ன” என்றுவிட்டு அடுத்த பற்றரிக்குப் போனார்.

பள்ளிமுனைக்கு மேலே விமானம் போனால் அவர் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் தெருவில் நின்று, அது மறையும்வரை அவருக்காகப் பார்க்கிறேன்.