என் ஆய்வு முன்மொழிவில் வந்த அண்ணன்

ஊரில் யார் ஜெயித்தாலும் கை தட்டிவிடலாம். கூடப்பிறந்தவள் ஜெயிக்கும்போதுதான் கை வலிக்கும்.

என் தங்கை ஜெனிபர் என்னைவிட இரண்டு வயது சின்னவள். நடுவில் நான் வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததால், தாம்பரத்தில் ஒரே கல்லூரியில், ஒரே சமூகவியல் துறையில், இருவரும் ஒன்றாகவே பிஎச்.டி. சேர்ந்தோம். முதல் வேலை ஆய்வு முன்மொழிவு எழுதுவது. என்ன ஆராயப்போகிறோம், ஏன், எங்கே, எப்படி என்று எழுதி, குழுவின் முன் நின்று ஒப்புதல் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் சீட் போய்விடும்.

ஜெனிபர் சட்டென்று எழுதிவிட்டாள். பீர்க்கன்கரணை ஏரியோரப் பெண்கள் குடிதண்ணீருக்காகத் தினமும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள்? அவ்வளவுதான் அவள் கேள்வி. எங்கள் இருவருக்கும் கைடு ஒருவரே. அவர் என்னை வைத்துக்கொண்டே, "ப்ரபோசல்னா இப்படி இருக்கணும்மா. கேள்வி சின்னதா இருந்தாதான் பதில் கிடைக்கும்" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் அம்மா அவளுக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டு வைத்தார். எனக்கு வால்.

வயிறு எரிந்தது. (மீனில் காரம் கம்மிதான்.)

அவளுக்கு ஒரு ஏரி என்றால் எனக்கு எல்லா ஏரியும் வேண்டும் என்று முடிவுசெய்தேன். 'தென்சென்னை: நீர், நிலம், மனிதன், எதிர்காலம்' என்று தலைப்பு வைத்தேன். குன்றத்தூர் மலைமேல் ஏறி நின்று பார்த்தாலும் அவ்வளவு தெரியாது. முன்னுரையே செங்கல் கனத்துக்கு வந்தது.

கொடுக்கவேண்டிய நாள் காலையில்தான் 'களப்பணித் திட்டம்' காலியாக இருப்பதைக் கவனித்தேன். வீட்டில் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அவள் ஃபைலைத் திறந்து, அந்தப் பகுதியை எடுத்து என்னுடையதில் ஒட்டி, 'பீர்க்கன்கரணை' என்று வந்த இடத்திலெல்லாம் 'தென்சென்னை' என்று மாற்றினேன். படித்துப் பார்க்கவில்லை. (பொறாமை பிடித்தவனுக்கு அவள் எழுத்தைப் படிப்பதே ஒரு தண்டனை.) கைடும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குழுவின் முன் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, மூத்த பேராசிரியை கையை உயர்த்தினார்.

"எல்லாம் சரிப்பா. உன் ரிசர்ச் கொஸ்டின் என்ன?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் மேடம் என் ரிசர்ச்சே."

பின்வரிசையில் சிரிப்பு. ஜெனிபர் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேடம் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "'ஆய்வாளர் பெண் என்பதால் வீட்டுப் பெண்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.'" கண்ணாடியை இறக்கி என் மீசையைப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக் மேடம்."

"'ஆய்வாளரைத் தென்சென்னைக்கு அவருடைய அண்ணன் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுவார்.' நாம இருக்கிறதே தென்சென்னைதானேப்பா? சரி, உங்க அண்ணன் என்ன பண்றார்?"

எனக்கு அண்ணனே கிடையாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "பேங்க்ல இருக்கார் மேடம்."

"அப்புறம் தினமும் எப்படி வருவார்?"

"லீவு போட்டுருவார் மேடம்."

பின்னாலிருந்து ஜெனிபர் எழுந்தாள். "மேடம், அந்த அண்ணன் இவன்தான்."

அறை அதிர்ந்தது. கைடு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

'கேள்வியோடு திரும்பி வா' என்று ஒரு மாதம் கொடுத்து அனுப்பினார்கள். திட்டுவாள் என்று நான் நினைத்த ஜெனிபர், ஷேர் ஆட்டோவில் வரும்போது, "பம்மல்ல மூடிப்போன தோல் பதனிடுற ஷெட்ல வேலை பாத்தவங்கல்லாம் இப்ப என்ன வேலைக்குப் போறாங்க? அதை மட்டும் கேளேன்டா" என்றாள். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லையே என்று அதற்கும் எரிந்தது. அதைத்தான் எழுதினேன், ஒப்புதலும் கிடைத்தது. அவளைத் தினமும் ஏரிக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டதில் என் ஆய்வு பின்தங்கி, அவள் எனக்கு முன்பே டாக்டராகிவிட்டாள்.

இன்றும் எங்கள் சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் என்னிடம் முதலில், "பேங்க்ல இருக்கிற உங்க அண்ணன் சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த என் மகள், போன கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அப்பா, பெரியப்பா மட்டும் ஏன் நம்ம வீட்டுக்கு வரவே மாட்டேங்கிறாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஜெனிபர் முந்திக்கொண்டாள். "லீவு கிடைக்கலடி செல்லம்."