லிவியோவின் காதுகள்

லிவியோவின் தலைமுடி காதுகளை மூடியிருந்ததுதான் எவரிஸ்தோவுக்கு முதல் தொல்லை.

டுரின் நகரத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் எவரிஸ்தோ, ஒரு டாக்டர் எழுதிய தடிப் புத்தகத்தை அந்த மாதம்தான் வாங்கியிருந்தார். குற்றவாளியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் விலாவாரியாக இருந்தது. திருடனுக்குக் காது விடைத்திருக்கும். கொலைகாரனுக்குத் தாடை அகன்றிருக்கும். இவர்களில் எவனுக்கும் வெட்கத்தில் முகம் சிவக்காது, வலியும் தெரியாது. இந்த நேரம் பார்த்து மருந்துக் கடை லிவியோ, அவர் மகள் செலஸ்தினாவைப் பெண் கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

முடி வெட்டிக்கொண்டால் லட்சணமாக இருக்கும் என்று நயமாகச் சொல்லி அனுப்பினார். மறுநாளே ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு காதும் திறந்த கதவு மாதிரி விடைத்திருந்தன. அவன் போனதும் எவரிஸ்தோ புத்தகத்தில் காது பற்றிய பக்கத்தை மகளிடம் காட்டினார்.

"காது பெரிசா இருந்தா என்னப்பா? நான் சொல்றது அவர் காதுல விழுது," என்றாள் செலஸ்தினா. "உங்களுக்கு எங்கே விழுது?"

முகம் சிவக்கிறதா என்று பார்த்துவிட, அவனை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சூப் குடிக்கும்போது, இதுவரை எத்தனை பெண்களுக்கு முத்தம் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டேவிட்டார்.

லிவியோ கொஞ்சம் யோசித்தான். "செலஸ்தினாவைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

சிவந்தது எவரிஸ்தோவின் முகம்தான்.

அடுத்தது வலி. ரொட்டி எடுக்கிற சாக்கில் முள்கரண்டியால் அவன் புறங்கையில் ஒரு குத்து வைத்தார். பையன் மரியாதைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை என்று சிரித்தான். காயத்துக்குக் கட்டுப் போட்ட செலஸ்தினா, அதோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகளைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை, கொலைகாரனுக்குக் கட்டிக்கொடுக்கவும் மனமில்லை. புத்தகத்தில் இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது: மண்டையின் சுற்றளவு.

சனிக்கிழமை காலை தொப்பிக் கடைக்கு ஓடினார். அந்தப் பேட்டையில் எல்லாருக்கும் அங்கேதான் தொப்பி. யார் தலை என்ன அளவு என்பது கடைக்காரர் பர்த்தோலோவுக்கு மனப்பாடம். எவரிஸ்தோ குரலைத் தாழ்த்தி, லிவியோவின் தலை அளவைக் கேட்டார்.

பர்த்தோலோ அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்துத்தான் அந்தத் தம்பியோட அம்மா கையில ஒரு தடிப் புஸ்தகத்தோட வந்து உங்க தலை அளவைக் கேட்டாங்க, சொன்னதும் சிலுவை போட்டுக்கிட்டாங்க."