மூச்சு விடும் குழாய்

இதை ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிட்டால் செல்லாயியைத் திருடி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் வீட்டில்தான் முதலில் சாமான்கள் காணாமல் போயின.

மலையடிவார ஊரான ஜெலாப்பாங்கில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டாய் போட்டு, உலோகம் கடைகிற பழைய லேத் மெஷின் ஒன்றை வைத்திருந்தான் அவள் புருஷன் ஐயாவு. தெலுக் இந்தான் டவுனிலிருக்கும் மச்சானின் மோட்டார் சைக்கிளைத் தன் வண்டியால் முந்த வேண்டும். அதற்காக, எஞ்சினுக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும் குழாயைத் தானே கடைந்துகொண்டிருந்தான்.

அந்த மாதம் அவளுடைய அலுமினியக் கெட்டில் மறைந்தது. பிறகு இட்டலிச் சட்டி. சாயங்காலமானால் கொட்டாய்க்குள் யாரோ நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விடுகிற சத்தம். செல்லாயி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்னங்க அது?"

"கொட்டாயில என்னமோ இருக்குலா. சட்டி பானைன்னா அதுக்கு ஆசை. நீ அந்தப் பக்கமே போவாதே."

"நீங்க மட்டும் போறீங்களே?"

"எனக்குப் பழகிப்போச்சு."

தாய் வீட்டுக் குண்டானும் மறைந்த அன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சோற்றுப்பானை ஒன்றுதான் பாக்கி. அவன் வேலைக்குப் போனதும், நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு கொட்டாய்க் கதவைத் தள்ளினாள்.

மூலையில், துருத்தி வைத்த உருக்கடுப்பின் சாம்பலில் குண்டானின் ஒரு துண்டு கிடந்தது. அம்மா புள்ளி புள்ளியாய் வெட்டிக்கொடுத்த பெயரில் 'செல்' மட்டும் மிச்சம். மற்ற பாதி உருகிப்போயிருந்தது. தன் உடம்பிலேயே பாதி போனது போல இருந்தது அவளுக்கு. லேத்தின் மேல் பளபளவென்று புதுக் குழாய், வாய் அகன்று அவளைப் பார்த்தது.

அன்று பொழுது சாய ஐயாவு கொட்டாய்க்குள்ளிருந்து ஓடிவந்தான்.

"செல்லாயி! ஒரு குழாய் இருந்துச்சே?"

"அதுக்குள்ளதாங்க அது உக்காந்திருந்துச்சு. முனியாண்டி சாமிக்குக் காணிக்கை போட்டுட்டேன். சுருட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் வச்சுத்தான்."

"அடிப்பாவி! அதுல ஒன்னும் இல்லலா!"

"இல்லியா? அப்ப என் கெட்டிலை யாரு எடுத்தது?"

ஐயாவு மெல்ல வெளியே நழுவினான். ஆனாலும் ஆசை விடவில்லை. சந்துக் கோடியில் முனியாண்டி மரம். கிளைக் கவட்டில் மஞ்சள் துணி கட்டிய குழாய். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

ஊஊ... என்று அது மூச்சு இழுத்தது.

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்து விழுந்தான். "மூச்சு விடுதுலா!"

"அதத்தானே நீங்க மொதல்லேருந்து சொல்றீங்க."

குழாயின் வாயை மலைக்காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தது செல்லாயிதான். அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

சிரிப்பு மறுநாள் மதியம் வரைதான். கற்பூரம் ஏற்றப் போனாள். ஓர் இலைகூட அசையவில்லை. குழாய் மெதுவாக, தூங்குகிற ஆள் மாதிரி, மூச்சு விட்டது. அவள் பெயரின் மறு பாதி அதற்குள்தானே இருக்கிறது!

வீட்டுக்கு ஓடினாள். லேத்தில் சாமானைப் பிடிக்க முடுக்குகிற சாவியைக் கழற்றி எடுத்துவந்து, அதையும் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டாள். அது இல்லாமல் இன்னொரு குழாயைக் கடைய முடியாது. வண்டியின் பழைய குழாயையும் ஐயாவு உருக்கியிருந்ததால், மச்சானைப் பார்க்க அவன் பஸ்ஸில்தான் போனான். சோற்றுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு செல்லாயியும் கூடவே போனாள்.