ஆட்சேபணை உண்டு, கையெழுத்து இல்லை

வீரர்களில் பல வகை உண்டு. முன்னால் நின்று சண்டை போடுகிறவர் ஒரு வகை. அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டு நிற்கிறவர் இன்னொரு வகை. நாம் இங்கே பார்க்கப்போவது மூன்றாவது வகை. "நீங்க முன்னால போங்கப்பா, நான் பின்னாலயே வாரேன்" என்று ஊரையெல்லாம் கிளப்பி அனுப்பிவிட்டு, வாசலில் நின்று ஒரு மணி நேரம் செருப்பைத் தேடுகிற வகை. இந்த இனம் இல்லாத ஆபீஸ் உண்டா? தெரு உண்டா? ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால், காலை ஆறேகாலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு நூற்பாலையின் கம்பெனி பஸ்ஸில் ஏறுங்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம். பெயர் சமுத்திரம். ஸ்பின்னிங் மேஸ்திரி, முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ரிட்டையராக இன்னும் நாலு வருஷம்.

சமுத்திரத்தின் வீரம் சக்கரம் உருளும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையைத் தாண்டியதும் குரல் மேலே ஏறும். பாதி வழியில் மேனேஜர், டைரக்டர், அவர்கள் வீட்டு நாய் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கிழிபடுவார்கள். மில் கேட் கண்ணில் பட்டதும், "சரி சரி, டிபன் பாக்ஸை எடுங்கப்பா" என்று குரல் இறங்கிவிடும். கேட்டில் வாட்ச்மேனுக்கு முதல் வணக்கம் வைப்பவரும் அவரேதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை, டைம் ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள். இந்த மில்லில் பழைய முதலாளி காலத்திலிருந்தே கம்பெனிப் பென்ஷன் உண்டு. கடைசிச் சம்பளத்தையும் சர்வீஸையும் பார்த்து, சாகும்வரை மாதாமாதம் ஒரு தொகை. அதை மாற்றப் போகிறார்களாம். இனிமேல் கம்பெனி மாதம் ஏதோ கொஞ்சம் போடும்; அது சந்தையில் வளர்ந்தால் வளர்ந்தது, தேய்ந்தால் தேய்ந்தது. கடைசியில் என்ன கிடைக்கிறதோ அதுதான் பென்ஷன். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். எழுதாதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவார்கள்.

வாசித்துவிட்டுச் சமுத்திரம் அங்கேயே நின்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இதில் நாம் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பென்ஷனை நம்பித்தான் மனிதர் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பப் பாங்கில் லோன் வாங்கியிருந்தார். ரிட்டையரான பிறகும் அஞ்சு வருஷம் தவணை ஓடும். இந்த விவரம் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் டைல்ஸ் கலர் முதற்கொண்டு அவர்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் இடி இடித்தது.

"விட்டுரப்படாது! இன்னைக்குப் பென்ஷன்ல கை வைப்பான், நாளைக்கு கேன்டீன் வடையில கை வைப்பான். ஏலே, ரத்தத்தைச் சிந்தி ஒழைச்சிருக்கோம்!"

"அப்ப எழுதிக் குடுத்துருவமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி. கோன் வைண்டிங் பிரிவு, பதினெட்டு வருஷ சர்வீஸ், சளசளவென்று பேசத் தெரியாதவள்.

"குடுக்கணும், குடுக்கணும். ஆனா அவசரப்படக் கூடாது தாயி. எதுத்து எழுதுனவனுக்குப் பூராவும் நைட் ஷிப்ட் போட்டாலும் போட்டுருவான்."

இது அவராக யோசித்துச் சொன்னது. செவ்வாய்க்கிழமை அவர் வாயிலிருந்து கிளம்பிய இந்தச் சந்தேகம், பஞ்சு சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட் என்று ஒரு சுற்றுச் சுற்றி, வியாழக்கிழமை, "அண்ணாச்சி, லிஸ்டே போட்டாச்சாம்ல!" என்று உறுதியான தகவலாக அவர் காதுக்கே திரும்பி வந்தது. கேட்டுவிட்டுச் சமுத்திரம் நடுங்கிப்போனார். தான் பெற்ற பிள்ளையைத் தானே அடையாளம் தெரியாமல் பயப்படுகிற சாமர்த்தியம் இந்த இனத்துக்கு மட்டும்தான் உண்டு.

ஆனாலும் தலைவர் என்று பெயர் எடுத்தாயிற்றே, சும்மா இருக்க முடியுமா? ஒரு யுக்தி செய்தார். வெள்ளைத்தாளின் நடுவில் காலி நூல் கோனைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள்ளே ஆட்சேபணை, வட்டத்தைச் சுற்றி எல்லோருடைய கையெழுத்தும்.

"யாரு மொதல்ல போட்டான்னு கடவுளுக்கே தெரியப்படாது. எப்பிடி?"

பஸ்ஸே கைதட்டியது. பேப்பர் கிளம்பியது. கிளம்பிய பேப்பர் மூன்று நாள் கழித்து, இரண்டு டீக் கறையோடு, கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல் திரும்பி வந்தது. வட்டம் வட்டம்தான், ஆனால் காலி வட்டத்தில் போடுகிறவன் முதல் ஆள்தானே? இதைக் கண்டுபிடிக்க நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அண்ணாச்சி, நீங்க போடுங்களேன்" என்றாள் பாண்டிசெல்வி.

"நான் போடாமயா? தலைவன் கடைசியில போட்டாத்தான் தாயி கெத்து."

பாண்டிசெல்வி பேனாவை வாங்கினாள். பெயர், டோக்கன் நம்பர், தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். சமுத்திரம் உடனே பேப்பரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார், அவள் கையெழுத்து அடியில் வருகிற மாதிரி. அப்படியும் அடுத்த கை வரவில்லை. அந்தம்மாதான் போட்டுருச்சுல்ல, அதுவே போதும் என்று எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. முப்பதாவது நாள் அவளே அதை ஆபீசில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் எங்கே போனார் என்று பார்க்க வேண்டும். வீட்டில் மனைவி செல்வலட்சுமி கேட்டிருந்தாள்: "பென்சன் போச்சுன்னா லோனுக்கு என்ன செய்வீய? எழுதிக் குடுத்தீயளா இல்லையா?"

"எல்லாம் ஏற்பாடாகுது, நீ சும்மா இருட்டி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், கோர்ட்டுக்குப் பக்கத்தில் சாம்சன் வைத்திருக்கும் டைப்பிங் சென்டருக்குப் போனார். பெஞ்சில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். சாம்சன் அடித்தார். நிர்வாகத்துக்கு ஒரு வரவேற்புக் கடிதம்! ஒரு பக்கம் மனசாட்சி குத்தத்தான் செய்தது. 'கூட்டம் ஜெயிச்சா பென்ஷன் நமக்கும் கெடைக்கும், தோத்தா ஆபீஸ்ல நம்ம பேரு நல்லபடியா இருக்கும், ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுத்தாலும் குடுப்பான்' என்று அதைச் சமாதானப்படுத்தி, கடிதத்தைத் திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆபீஸ் பெட்டியில் போட்டார்.

கெடு முடிந்து நாலாம் நாள் கேன்டீன் ஹாலில் கூட்டம். பர்சனல் மேனேஜர் விக்னேஷ்வரன், முப்பது வயதுப் பையன், சிரித்த முகம், மைக்கைப் பிடித்தார்.

"மொத்தம் நூத்தி எண்பது பேர். அதுல எழுபத்து மூணு பேர் திட்டத்தை வரவேற்றுக் கடிதம் குடுத்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஒண்ணை மட்டும் வாசிக்கிறேன், பேர் சொல்லல. 'ஐயா, முப்பத்தொரு வருடங்களாக ஸ்பின்னிங் பிரிவில் உழைத்துவரும் நான், தங்கள் தொலைநோக்குத் திட்டத்தை மனமார வரவேற்கிறேன். சில விஷமிகளின் பேச்சைக் கேட்டு ஆட்சேபிப்போருக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.'"

சமுத்திரம் சட்டென்று குனிந்து செருப்பைப் பார்த்தார். மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன அதிசயம்! ஹாலில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷமாக டீ வாளி தூக்குகிற கேன்டீன் ஐயாதுரை, சாம்பார் அண்டாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இதுல ஒரு ஆச்சரியம்" என்றார் விக்னேஷ்வரன். "எழுபத்து மூணு கடிதமும் இதே வாசகம்தான். கேன்டீன்ல இருந்து வந்ததுலகூட முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங்னுதான் இருக்கு."

சாம்சன் சோம்பேறி. முதலில் வந்தவர் சொன்னதைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து ஒளிந்து ஒளிந்து வந்த எழுபத்திரண்டு பேருக்கும் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர்களில் ஒருவராவது வாசித்துப் பார்த்தாரா? பயத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு வாசிக்க எங்கே நேரம்? ஸ்பின்னிங்கில் முப்பத்தொரு வருஷம் இருக்கிற ஆள் மில்லிலேயே ஒருத்தர்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பின. வேண்டாம் வேண்டாம் என்று மனிதர் ஒதுங்கி ஒதுங்கிப் போனாரே, கடைசியில் முதல் ஆள் அவரேதான்.

"இன்னொரு விஷயம்" என்று விக்னேஷ்வரன் தொடர்ந்தார். "எழுதிக் குடுத்து ஆட்சேபிச்சவங்களை, அவங்க சம்மதம் இல்லாம மாத்த முடியாதுன்னு நம்ம வக்கீல் சொல்லிட்டார். அதனால அவங்க பழைய பென்ஷன்லயே இருப்பாங்க. அப்படி ஒரே ஒருத்தங்கதான் இருக்காங்க. பாண்டிசெல்வி அக்கா."

சமுத்திரம் எழுந்து நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டுக்கு உள்ளே, எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினார்.

"சார், இப்ப எழுதிக் குடுத்தா?"

"தேதி முடிஞ்சிருச்சே அண்ணாச்சி."

சாயங்காலம் பஸ் கிளம்பியது. ராஜபாளையம் தாண்டியது. பொறவு, மூன்றாவது சீட்டில் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன், எழுதிக் குடுங்கலே எழுதிக் குடுங்கலேன்னு. எவன் கேட்டான்? ஒத்துமை இல்லாத பயலுக!"

முன் சீட்டிலிருந்து பாண்டிசெல்வி திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"லோனு முடிய இன்னும் எம்புட்டு வருசம் அண்ணாச்சி?"

"ஒம்பது."

"ரிட்டையராக?"

"நாலு."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். சமுத்திரம் டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்; ஊர் வர இன்னும் பாதி வழி இருந்தது.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள், நல்லது. ஆனால் போன மாதம் உங்கள் தெருச் சாக்கடைக்காக ஒருவர் மனு எடுத்துக்கொண்டு வந்தாரே, நீங்கள் முதலில் வாசித்தது மனுவையா, கீழே யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதையா? சரி, அது போகட்டும். இப்போது இதைப் படித்து முடித்த கையோடு, நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா வேண்டாமா, முதலில் வேறு யாராவது சொல்கிறார்களா என்று ஒரு கணம் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.