வடமுகட்டில் படித்தவர்கள்

கடலுக்கு அந்தப் பக்கம் வடமுகடு என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கக்கூடும். அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதால் நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

இந்தப் பக்கம் கானல் தீவு. அங்கே கிணற்று நீர் கெட்டது. அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பருவம் எட்டும் முன்பே முழங்கால் வளையத் தொடங்கிவிடும். தீவை ஆண்டவர்கள் இதற்குக் கண்டுபிடித்த ஒரே மருந்து, கோணிக்கொண்டு நடப்பதைத் தீவின் பாரம்பரிய நடையாக அறிவித்தது. அதற்கு ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். அரிசி வடமுகட்டிலிருந்து கப்பலில் வந்தது.

எயினி அந்தத் தீவுப் பெண். குன்றின் மேல் மழைநீர் பிடித்துக் குடிக்கும் அத்தை வீட்டில் வளர்ந்ததால் அவள் கால் தப்பித்தது. கடற்கரையில் வளர்ந்த தங்கை மருதிக்கு வளையத் தொடங்கியிருந்தது. தண்ணீரைப் பற்றி வடமுகட்டுக் கலாசாலையில் தெரியாதது எதுவும் இல்லை என்றார்கள். கற்றுக்கொண்டு வந்து தங்கையை நிமிர்த்தி நடக்க வைப்பேன் என்று சொல்லி எயினி கப்பல் ஏறினாள்.

முதல் நாள் வகுப்புக்குப் பேராசிரியர் பெருஞ்சாத்தனார் வந்தார், உட்கார்ந்தார், கூரையைப் பார்த்தார், மணி அடித்ததும் எழுந்து போனார். மறுநாளும் அப்படியே. ஆசிரியர் சொல்ல, மாணவர் தலை குனிந்து எழுதும் ஊரிலிருந்து வந்தவள் எயினி. அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாடுகளிலிருந்து வந்த மற்றவர்களும் குனிந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வகுப்பில் குனிவதைத் தவிர வேறு பாடம் நடக்கவில்லை.

கடைசியில் அவரே கேட்டார். "உங்களுக்கெல்லாம் எல்லாமே தெரிந்திருக்கிறது போலும். ஒருவர்கூட ஒன்றும் கேட்கக் காணோமே?"

வடமுகட்டில் கேட்டால்தான் ஆசிரியர் பேசுவார். கேட்காதவருக்குச் சொல்வது அவரை அவமதிப்பது. இதை எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எயினி அன்று அறைக்குப் போய் வீணான மாதங்களை நினைத்து அழுதாள். மறுநாள் எழுந்து நின்று, "எங்க ஊர்த் தண்ணி ஏன் காலை வளைக்குது?" என்று கேட்டாள். பேராசிரியர் முகம் மலர்ந்துபோய் மாலை வரை பேசினார். ஏன் வளைக்கிறது என்பது முடிந்தது. எப்படிச் சரிசெய்வது என்பது பாக்கி இருந்தது.

அந்த வாரம் தேர்தல் வந்தது. மாவேழர் என்பவர், நம் அறிவை அயலார் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். வடமுகட்டுக்காரர்கள் கலாசாலைப் பக்கம் தலைவைத்துப் படுத்தே பல காலம் ஆகியிருந்தது. இருந்தாலும், தாங்கள் தொடாத ஒன்று களவு போகிறது என்றதும் அவர்களுக்கு நெஞ்சு பதறியது. மாவேழர் பெருவெற்றி பெற்றார்.

முதல் ஆணை: வகுப்பில் குடிமக்கள் மட்டுமே கேள்வி கேட்கலாம். வகுப்பில் குடிமக்கள் இல்லாததால் வகுப்புக்கு ஒருவர் அரசுச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். எயினியின் வகுப்புக்கு உலோச்சன் என்ற சேவல்சண்டைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். தினமும் காலையில், "இன்று மழை வருமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.

கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே பேராசிரியரின் கடமை? அவர் மேகத்தில் தொடங்குவார், மழைக்கு வருவார், மண்ணுக்குள் இறங்குவார். ஒருநாள் உலோச்சனின் குறட்டைக்கு நடுவே, எலும்பைச் சுட்டுக் கரியாக்கி அதன் வழியே வடித்தால் கால் வளைக்கும் நீர் நல்ல நீராகும் என்பதில் வந்து முடித்தார். எயினியின் பக்கம் திரும்பவே இல்லை. மழையைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார் என்று அடுத்த வாரமே அவரை நீக்கினார்கள்.

இரண்டாவது ஆணை, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் புதுப்பிக்கப்படும் பழைய ஆணைதான்: அறிவு நாட்டின் சொத்து. அயல் மாணவர் எதையும் கற்கவில்லை என்று துறைமுகத் தேர்வில் மெய்ப்பித்தால்தான் பட்டமும் உண்டு, கப்பலும் உண்டு. தோற்றவர் அங்கேயே சிறையில் இருக்க வேண்டியதுதான்.

தேர்வுக்கு மாவேழரே வந்திருந்தார். எயினியின் முன்னால் ஒரு குவளை வைக்கப்பட்டது.

"இது உமது தீவின் கிணற்று நீர். கப்பலில் வரவழைத்தோம். இதில் என்ன குறை என்று அறிவீரா?"

"தெரியாது."

"குறையைப் போக்கும் வழி?"

"தெரியாதுங்க."

"அப்படியானால் அருந்துவதில் உமக்குத் தயக்கம் இருக்காது."

எயினி மருதியை நினைத்துக்கொண்டு முழுக்கக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றும் அறியார் என்ற பட்டம் தங்க முத்திரையோடு அவளுக்கு வழங்கப்பட்டது.

கானல் தீவின் துறைமுகத்தில் முதலமைச்சர் மணிமிடற்றார் மாலையோடு நின்றார். அவரும் வடமுகட்டில் படித்தவர். தீவில் பதவியில் இருந்த அத்தனை பேரும் அங்கே படித்தவர்கள்தாம். எயினியை நீர்த்துறைக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். வண்டியில் ஏறியதும் அவள் அடக்க மாட்டாமல், வழி தெரியும், எலும்புக் கரி போதும் என்றாள்.

அமைச்சர் வண்டியின் திரையை இழுத்துவிட்டார். "மெதுவா பேசும்மா. இந்தத் தீவுல ஒரு பிள்ளையோட கால் நிமிர்ந்தாலும், நாம கத்துக்கிட்டு வந்துட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அன்னைக்கே அரிசிக் கப்பல் நின்னுடும். அப்புறம் ஊரே பட்டினி."

"அப்ப, உங்களுக்கும் தெரியுமா?"

அமைச்சர் திரையின் ஓரத்தை இன்னும் இறுக்கி இழுத்தார். வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றபோது, அவருடைய மகள் இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். எயினி அந்தக் கால்களைப் பார்த்தாள். அமைச்சர் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அமைச்சரவை கூடியது. பிள்ளைகளின் கால் வளைவதற்குக் காரணமோ தீர்வோ யாருக்காவது தெரியுமா என்று முதலமைச்சர் முறைப்படி கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து, தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தார்கள். கொஞ்சமும் தடுமாறாத, நன்கு பழகிய குரல்கள். எயினியின் முறை வந்தது. எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவளும் அதையே சொன்னாள். இவ்வளவு பெரிய பிரச்சினைக்குத் தீர்வு காண மேலும் ஒருவரை வடமுகட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதென்று ஒருமனதாக முடிவானது.

விண்ணப்பித்தவர்களில் மருதி தேர்வானாள்.

கப்பல் புறப்படும் நாளில் மருதி கோலை ஊன்றி ஏணிப்படி வரைக்கும் வந்து நின்றாள். சுற்றிலும் அதிகாரிகள், மேளம், வடமுகட்டுத் தூதர். அக்காவின் முகம் இருண்டிருப்பதைப் பார்த்து, அவளுக்குக் கற்றுக்கொள்ள முடியாமல் போன வருத்தம் இன்னும் தீரவில்லை என்று மருதி எண்ணிக்கொண்டாள். எயினியின் கையைப் பிடித்தாள்.

"கவலைப்படாதக்கா. நான் எப்படியும் கத்துக்கிட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

தூதர் எயினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள் எயினி.