சோப்புப் போட்டுக் கழுவிய பல் அச்சுகள்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. நானும் அக்காவும் நலம். மாநாட்டில் உங்கள் பேச்சு நல்லபடியாக முடிந்திருக்கும். போனில் சொன்னால் நடுவிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை என்னை வேலையைவிட்டுத் தூக்கிவிடாதீர்கள். நான் நிலைத்து நின்ற ஒரே இடம் உங்கள் கிளினிக்தான்.

நீங்கள் திரும்பி வருவதற்குள் ஏதாவது உருப்படியாகச் செய்து அசத்தலாம் என்று, அலமாரியில் தூசி படிந்து கிடந்த பல் அச்சுகளை, அதாவது கம்பி கட்டுவதற்கு முன் ஒவ்வொருவர் வாயிலும் அளவெடுத்துச் செய்த அந்த பிளாஸ்டர் பற்களை, சோப்புப் போட்டு மணக்க மணக்கக் கழுவினேன். பற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. நீங்கள் பேனாவில் எழுதியிருந்த பெயர்களும் போயே போய்விட்டன. சரி, பல்லைப் பார்த்தே பெயரை மறுபடி எழுதிவிடலாம், முன்பல் தூக்கலாக இருப்பது அந்த டியூஷன் டீச்சர்தானே, அவரிலிருந்து ஆரம்பிப்போம் என்று பார்த்தால், அத்தான், எடுத்ததெல்லாம் தூக்கல்! நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல இதுக்குத்தானே வர்றாங்க? பல்லு வரிசையா இருக்கிறவன் இங்க எதுக்குத் தம்பி வரப்போறான்?"

வேறு வழியில்லாமல் எல்லாரையும் வரவழைத்து, "உங்க பல்லை நீங்களே பாத்து எடுத்துக்குங்க"ன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான், இருப்பதிலேயே ஒழுங்கான அச்சைப் பிடித்துக்கொண்டு டீச்சரும் பேங்க் மேனேஜரும் விடமாட்டேன் என்கிறார்கள். "என் பல்லு எனக்குத் தெரியாதாம்மா?" "சும்மா இருங்க சார், உதட்டை மூடவே நீங்க படாத பாடு படுறீங்க!" ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால் அத்தனை பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். ஒரு காலேஜ் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எனக்கு மனசு கேக்கலை. "தப்பு என்னுதுதாங்க, பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சுட்டேன்"னு உள்ளதைச் சொன்னேன். முதலில் அந்தப் பெண்தான் சிரித்தாள். அப்புறம் எல்லாருமே கையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா அச்சையும் வாயையும் மாறிமாறிப் பார்த்துப் பெயர்களை எழுதி முடித்துவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அம்மாடி, அது பல்லா பால்கனியா! மழை பெய்தால் அந்த ஆளின் மோவாய் நனையவே நனையாது. யாரோ பாவம், வந்தால் சிரிக்காமல் பெயர் கேட்டு எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அக்கா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். அந்த மிச்ச அச்சைக் கையில் எடுத்து, "அடப்பாவி, இது உன் அத்தானோடதுடா! முதல்முதல்ல என்கிட்டப் பேச வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு. வாயை மூட முடியாம சிரிச்சுக்கிட்டே நின்னாரு, அதுக்குத்தான் சரின்னு சொன்னேன். பல்லை உள்ள தள்ளினதுக்கப்புறம் ஒரு தடவையாவது அப்படிச் சிரிச்சிருக்காரா மனுஷன்?" என்றாள். பால்கனி சமாச்சாரத்தை நீங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். நீங்களே வந்து, சிரித்துக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.