பிடிக்காரரும் காயாத அரக்கும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. எட்டும் சேர்ந்து எனக்கு வைக்காத வேலையை எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒற்றை ஆளாக வைத்தார். கத்தியை வெட்டுவதற்காகச் செய்யவில்லை, பிடித்துக்கொள்வதற்காகத்தான் செய்தார்கள் என்று நம்பிய மனிதர் இந்தக் காவிரிக் கரையில் அவர் ஒருவர்தான். தாய் தகப்பன் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள்கூட அதைக் கேட்டதில்லை. ஊருக்கு அவர் பிடிக்காரர்.

திருவிடைமருதூரிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். பிடிக்காரர் தச்சு வேலை தெரிந்தவர். ஏர் செய்வார், வண்டி செய்வார். எப்போதோ ஒரு மான்கொம்புப் பிடி போட்ட கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தார், விலை கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அன்றோடு ஏரும் போயிற்று, வண்டியும் போயிற்று. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதல் பஸ்ஸில் போய் நிற்பார். மற்றவர்கள் தேக்குத் தூணுக்குப் பேரம் பேசுவார்கள், இவர் சுவரில் ஒட்டடை பிடித்த மான்கொம்பைக் காட்டி, "அந்தக் குப்பையை நான் எடுத்துக்கவாங்க?" என்பார். தந்தத்துக்கு எங்கே போவது? உடைந்த தாயக்கட்டை, பல் போன சீப்பு, எதையும் விடமாட்டார். தந்தமா எலும்பா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். எலும்பில் கரும்புள்ளி தெரியும், தந்தத்தில் மெல்லிய ரேகை ஓடும். ரேகை தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டாம். அதைத் தேய்த்து வெளுக்க எங்கள் வீட்டுப் பல்பொடிதான் போகும்.

வாழைக்காய் சீவுகிற என் கத்தி பிடி கழன்றதென்று தெரியாத்தனமாக அவரிடம் கொடுத்தேன். நிறைமாதமாக இருந்தபோது கொடுத்தது, பிள்ளை தவழும்போது வந்தது. வந்ததோ தந்தப் பிடியோடு! மறுநாள் காலையிலேயே வாசலில் நின்றார்.

"தங்கச்சி, மஞ்சக் கையோட இதத் தொட்டியா?"

"அடுப்படியில மஞ்சளத் தொடாம வேற எதண்ணே தொடுறது?"

"பாரு, ரேகையெல்லாம் மஞ்சளாயிருச்சு. இந்தக் கத்தி உனக்குச் சரிப்படாது." கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தகரப் பெட்டியில் நாற்பது ஐம்பது கத்திகள் சேர்ந்த வழி இதுதான். பாதி வாங்கியது, பாதி எங்களிடமிருந்து காப்பாற்றியது.

கூலித் தகராறு ஊருக்கு ஊர் புகைந்த காலம் அது. ஆயுதம் தேடி வந்த போலீசார் அந்தப் பெட்டியைத் திறந்து திகைத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு கத்தியை எடுத்து வாழைமட்டையில் போட்டுப் பார்த்தார். மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"யோவ், இதுல ஒண்ணாவது வெட்டுமா?"

"வெட்டுறதாங்க? எதுக்குங்க?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். போகும்போது பிடி ஆடுகிறதென்று தன் கத்தியையும் கொடுத்துவிட்டுப் போனார். பிடி முடிவதற்குள் அவருக்கே மாற்றல் வந்துவிட்டது.

ஊரில் பிடிக்காரர் ஏங்கிய பொருள் ஒன்றே ஒன்று. எங்கள் மிராசுதார் வீட்டில் பாட்டன் காலத்துக் கத்தி ஒன்று இருந்தது. முழுத் தந்தத்தில் யாளித் தலை செதுக்கிய பிடி. "ஒரு தடவை கையில குடுங்கய்யா, பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று வருடக்கணக்கில் கேட்டார். "உன்கிட்ட குடுத்தா என் பேரன்தான்யா திருப்பி வாங்குவான்" என்று மிராசுதார் சிரிப்பார்.

இப்போது அந்தக் காலத்து அறுவடை ஒன்றுக்கு வருகிறேன். களத்தில் அளக்கிற கூலி நெல்லில் ஒரு படி கூடக் கேட்டோம். மிராசுதார் முடியாது என்றார். வேலைக்கு வரமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் பயம், ஏனென்றால் எங்கள் குடிசைகள் நின்றது அவர் மனையில். குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்துவிட்டது, பட்டாதான் வரவில்லை.

என் நாத்தனார் பாக்கியத்துக்குத்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் முதல் அறுப்பை அவரவர் சொந்த அரிவாளால்தான் அறுக்க வேண்டும், வெளியூர் ஆளும் கடையில் வாங்கிய புது அரிவாளும் வயலில் இறங்கக்கூடாது. எங்களைவிட மிராசுதாருக்கே அதில் நம்பிக்கை அதிகம். பாக்கியம் சொன்னாள்: "அம்புட்டு அருவாளையும் பிடி போடப் பிடிக்காரர்கிட்ட குடுத்துருவோம். அருவா இல்ல, எப்படி அறுக்கறதுன்னு கேப்போம். அவரு திருப்பித் தரதுக்குள்ள கதிரு கொட்டிப் போயிரும். அய்யா தன்னால இறங்கி வருவாரு."

இருபத்து மூன்று பெண்கள், இருபத்து மூன்று அரிவாள். விஷயத்தைப் பிடிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு பிடிக்கு எட்டு மாதம் எடுத்துக்கொள்கிற மனிதரிடம் போய், மெதுவாகச் செய்யுங்கள் என்றா சொல்வது?

நாலாம் நாள் காலை தெருவே அதிரக் குரல் கேட்டது. "ஏ புள்ளைங்களா! வந்து வாங்கிக்கிட்டுப் போங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தால், சாக்கை விரித்து இருபத்து மூன்று அரிவாளையும் வரிசையாக அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண். கல்யாணப் பெண்கள் மாதிரி மின்னுகின்றன.

"அட கெடுத்தீங்களே!" என்று பாக்கியம் தலையில் கைவைத்தாள். "முடிச்சிட்டீங்களா?"

"பின்ன? ஒரு தெருப் பொம்பளைங்க ஒண்ணா வந்து பிடி கேட்டு எங்கயாச்சும் நடந்திருக்கா? மூணு நாளா சோறு தண்ணி இல்ல எனக்கு."

வேறு வழியில்லாமல் நான்தான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்ப நான் முடிக்க மாட்டேன்னு நம்பித்தான் என்கிட்ட குடுத்தீங்களா, தங்கச்சி?"

நான் பதில் சொல்வதற்குள் மிராசுதாரின் வில்வண்டி வந்து நின்றது. செய்தி எங்களுக்கு முந்தி அவருக்குப் போயிருந்தது. கூடவே அவருடைய பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர்.

"பிடி போட்டாச்சு போலிருக்கே?" என்றார் மிராசுதார்.

"போட்டாச்சுங்கய்யா."

"அப்ப எடுத்துக் குடு. வயல்ல இறங்கட்டும்."

பிடிக்காரர் எங்களைப் பார்த்தார். அரிவாள்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அரக்கு இன்னும் காயலீங்க."

பிடிக்குள் இரும்பை நிறுத்துவது உருக்கி ஊற்றுகிற அரக்குதான். ஊற்றி ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது கல்லாகிவிடும், தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிடி விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. பாக்கியம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

காரியக்காரர் ஓர் அரிவாளை எடுத்து இழுத்துப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குதுங்களே!"

"மேலாப்புல காஞ்சிருக்கும். உள்ள பச்சை. அறுக்கறப்ப இரும்பு கழண்டு யாரு காலுல விழுந்தாலும் நான் ஜவாப்தாரி இல்ல."

"எப்பய்யா காயும்?"

"காத்துல ஈரம் இருக்குங்க. ஐயாவும் இவங்களும் உக்காந்து பேசி முடிக்கறதுக்குள்ள காஞ்சிரும்."

மிராசுதார் ஒன்றும் முட்டாள் இல்லை. வண்டியிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்துப் பிரித்தார். யாளித் தலைக் கத்தி. "இந்தா, உனக்கே வச்சுக்க. அரக்கு காஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

எங்கள் ஒரு படி நெல் போய்விட்டது என்றே நினைத்தேன். பிடிக்காரர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கினார். வெயிலில் திருப்பினார். ரேகை பார்த்தார். யாளியின் காதைக் கட்டைவிரலால் தடவினார். கண் கலங்கியதோ, வெயில்தானோ, நான் சொல்ல மாட்டேன். பிறகு அதைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒசந்த வேலைங்க. வெயில்ல மட்டும் வைக்காதீங்க, வெடிச்சிரும்."

"அரக்கு?"

"காயலீங்க."

இரண்டே நாள். கதிர் உதிர ஆரம்பித்ததும் மிராசுதார் சொல்லி அனுப்பினார், ஒரு படி கூடத் தருவதாக. அந்தக் கணமே அரக்கு காய்ந்துவிட்டதாகப் பிடிக்காரர் அறிவித்தார். மான்கொம்புப் பிடி அரிவாளோடு நாங்கள் வயலில் இறங்கிய அழகைப் பார்க்கப் பக்கத்து ஊர்ப் பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். அவர் மட்டும் வரப்பின்மேல் எங்களோடு கூடவே நடந்து, "அழுத்திப் பிடிக்காதே! அது கொம்பு, கொழுக்கட்டை இல்ல!" என்று அந்தி வரை கத்திக்கொண்டிருந்தார்.

கதிர்க்கட்டைத் தூக்கும்போதுதான் என் அரிவாளைச் சரியாகப் பார்த்தேன். மற்ற இருபத்து இரண்டும் புதிதாகச் சீவிய கொம்பு. என்னுடையது மட்டும் வழுவழுவென்று பழகிய கொம்பு, பக்கவாட்டில் பழைய ஆணி போன துளை இரண்டு, அரக்கு வைத்து அடைத்திருந்தது. அந்தக் கொம்பை எனக்குத் தெரியும். அவரை ஏரையும் வண்டியையும் கைவிட வைத்த அந்த முதல் கத்தியின் பிடி.

"ஏண்ணே இதப் போட்டீங்க?"

"கொம்பு தீர்ந்துபோச்சு தங்கச்சி. உனக்கு மட்டும் மரத்துல போட்டா நல்லாவா இருக்கும்?"

அறுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். உன் கைக்கு அமைந்துவிட்டது, இனி அது உன்னுடையது என்று சொல்லிவிட்டார். எங்களிடமிருந்து அவர் திருப்பி எடுத்துக்கொள்ளாத பிடி அது ஒன்றுதான்.

சரி தேன்மொழி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். அவரைக் கேலி பண்ணின இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் படி, கண்ணு, அண்ணன் எங்கிருந்தாலும் காதில் விழக்கூடாது.